பக்கத்து வீட்டில் கேட்காமல் விட்டது

வெளிநாட்டில் எழுதிய ஒரு பாடத்தை நம் ஊருக்குத் தக்கபடி மாற்றிக் கொடுங்கள் என்று என்னிடம் ஒப்படைத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. தென்காசியில், பிள்ளைகள் நலம் பார்க்கிற ஓர் அரசு அலுவலகத்தில் நான் ஒப்பந்த ஊழியர்தான். வருஷா வருஷம் 'இவளை வைத்துக்கொள்ளலாமா' என்று மேலே கேட்டு எழுதுகிற வேலை. அப்பேர்ப்பட்டவளிடம் இத்தனை பெரிய காரியமா என்று வீட்டில்கூட ஆச்சரியப்பட்டார்கள். நான் ஆச்சரியப்படவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதைவிட நீளம், என் திறமையைப் பற்றி நானே வைத்திருந்த எண்ணம்.

பாடம் என்றேனே, அது தாய்மாருக்கானது. அடித்துக் கொடுமை செய்கிற பெற்றோரைப் பற்றியது அல்ல. பாசமெல்லாம் இருக்கும். ஆனால் வேலை, வறுமை, அலுப்பு என்று ஏதோ ஒன்றால் பிள்ளை கவனிப்பாரில்லாமல் கிடக்கும். நேரத்துக்குச் சோறு கிடைக்காது, காய்ச்சல் முற்றிய பிறகுதான் தெரியவரும், அடுப்பு எரிகிற அறையில் பிள்ளை தனியாக நிற்கும். நிலைமை அவ்வளவு தூரம் போவதற்கு முன்பே ஒரு பெண் வீட்டுக்குப் போய், தாயோடு உட்கார்ந்து பேசி, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்து வந்தால் நிறையத் தடுக்கலாம் என்று வெளிநாடுகளில் செய்து பார்த்து, ஆராய்ந்து, நிரூபித்திருக்கிறார்கள். இங்கே அதை அங்கன்வாடி டீச்சர்கள் மூலமாகச் செய்வதென்று முடிவாயிற்று. டீச்சர்களுக்கு அதைத் தமிழில் ஆக்கிப் பயிற்சி கொடுப்பது என் பொறுப்பு.

அதில் இருந்த படங்களைப் பார்த்து முதலில் சிரித்துத் தள்ளினேன். சுவரில் கட்டிய கணப்பில் நெருப்பு எரிகிறது. அதன் முன்னால் ஒரு நாய் சொகுசாகப் படுத்திருக்கிறது. குழந்தை பக்கத்தில் தவழ்கிறது. குற்றாலத்துக்காரி ஒருத்தியிடம் இதைக் காட்டினால் பிள்ளையை விட்டுவிட்டு நாயைப் பற்றித்தான் பேசுவாள். கணப்பை எடுத்துவிட்டு, கஞ்சி வடிக்கச் சாய்த்து வைத்த சோற்றுப் பானையைப் போட்டேன். நீச்சல் குளத்தை எடுத்துவிட்டு, வாசலை ஒட்டி ஓடுகிற வாய்க்காலையும் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மையும் போட்டேன். பினாயில், எலி மருந்து, கொசுவத்திச் சுருள் என்று நம் வீடுகளில் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற சாமான்கள் எல்லாம் உள்ளே வந்தன. நானே சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன், அந்த வேலையை நன்றாகத்தான் செய்தேன்.

இதெல்லாம் மேல்தோல். தோலை எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள், உள்ளே இருக்கிற சில படிகளை மட்டும் தொடாதீர்கள், பலன் அவற்றில்தான் இருக்கிறது என்று எழுதியவர்கள் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்கள். படித்தேன். அடிக்கோடுகூடப் போட்டேன். அடிக்கோடு போட்டாலே கடைப்பிடித்த மாதிரி என்று நினைக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி.

தொடக் கூடாத படிகளில் ஒன்று இது. தாய் வேலைக்குப் போகும்போது பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று டீச்சர் கேட்க வேண்டும். தாய் ஒருவரைச் சொல்லுவாள். அத்தோடு விட்டுவிடக் கூடாது. தாயையும் கூட்டிக்கொண்டு அந்த ஆளிடமே போக வேண்டும். எந்தெந்த நாள் வீட்டில் இருப்பீர்கள், எந்நேரம் வரை இருப்பீர்கள், திடீரென்று வெளியே போக வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள் என்று நேருக்கு நேர் கேட்டு, அவர் வாயாலேயே பதிலை வாங்க வேண்டும்.

இதை ஒத்திகை பார்க்கப் பண்பொழிப் பக்கம் ஒரு வீட்டுக்கு டீச்சர் ஒருவரோடு போயிருந்தேன். அந்த வீட்டுத் தாய் தன் பக்கத்து வீட்டு அத்தையைச் சொன்னாள். மூவருமாக அங்கே போய், பாடத்தில் இருக்கிறபடியே ஒவ்வொன்றாகக் கேட்டேன். அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்ன, என்ட்ட எழுதி வாங்கப் போறியளா? இவ பிள்ளைக்கு நான் சோறு ஊட்டாத நாளு உண்டா? எந்நேரம் வரைக்கும் இருப்பேன்னு கேக்குதியளே, நான் என்ன சம்பளத்துக்கா இருக்கேன்?"

"ஐயோ அத்த, நான் கேக்கச் சொல்லல. இவியதான்…" என்று தாய் கையைப் பிசைந்தாள்.

"நீ சொல்லாமலா கூட்டிட்டு வந்த? என்னைய நம்பலன்னா உன் பிள்ளைய நீயே இடுப்புல கட்டிக்கிட்டுப் போ."

அதன்பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. தாய், இனி என் வீட்டுப் படி ஏறாதீர்கள் என்று டீச்சரிடம் சொல்லி அனுப்பினாள். பஸ்ஸில் டீச்சர் என்னிடம், "மேடம், இந்தக் கேள்வி நம்ம ஊருக்கு ஆவாது. சண்ட மூட்டி விடுத மாதிரில்லா இருக்கு. பேசாம எடுத்துருங்க" என்றார். எனக்கும் அவமானமாக இருந்தது. ஒரு வயதான பெண் என்னை வாசலில் நிற்க வைத்துக் கிழித்துவிட்டாளே என்ற ஆத்திரம் வேறு. அன்று வீட்டுக்கு வந்ததும் அந்தப் படியை எடுத்துவிட்டேன். யாரிடம் சொல்லிவிட்டுப் போகிறீர்கள் என்று தாயிடம் கேட்டால் போதும், அதற்கு மேல் போக வேண்டாம் என்று மாற்றினேன்.

காரணமும் எழுதினேன். அண்டை வீட்டார் மேல் வைக்கும் நம்பிக்கைதான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பெரிய பாதுகாப்பு, அதைச் சந்தேகிப்பது நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்று. கூட்டத்தில் வாசித்தபோது சென்னையிலிருந்து வந்தவர்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். கைகூடத் தட்டினார்கள். பண்பாடு என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டால் நம் ஆட்கள் மேற்கொண்டு எதையும் கேட்பதில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் போட்டேன்.

எங்கள் பக்கத்தில் வேலைக்குப் போகிற பெண்கள் எப்படிக் கிளம்புவார்கள் என்று சொன்னால்தான் இது விளங்கும். செருப்பை மாட்டிக்கொண்டே பக்கத்து வீட்டுப் பக்கம் கழுத்தைத் திருப்பி, "யக்கா, பிள்ளையப் பாத்துக்கிடுங்க" என்பார்கள். உள்ளேயிருந்து "ம், போயிட்டு வா" என்று சத்தம் வரும். அவ்வளவுதான். 'ம்' சொன்னவள் குளித்துக்கொண்டிருக்கிறாளா, அவளே எங்காவது கிளம்பிக்கொண்டிருக்கிறாளா என்று யாரும் பார்ப்பதில்லை. முடியாது என்று ஒருத்தி பதில் சொல்லி நான் கேட்டதே இல்லை. சொல்லிவிட்டால் அவள் பேர் தெருவில் நாறிப்போகும். நானும் என் மகனை விட்டுவிட்டு வருகிற வீட்டு வாசலில் தினமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாடத்தை முதலில் ஆரம்பித்த ஊர்களில் குற்றாலமும் ஒன்று. பஜாருக்குப் பின்பக்கம் ஒரு தெரு. அங்கே ஒருத்தி, சின்னப் பெண்தான். சீசன் காலத்தில் அருவிக்குப் பக்கத்து லாட்ஜில் அறை கூட்டித் துடைத்து விரிப்பு மாற்றுகிற வேலை. புருஷன் லாரி ஓட்டுகிறவன், புளியறை தாண்டிக் கேரளாவுக்குள் போனால் திரும்பி வருகிற அன்றுதான் நிச்சயம். ஒரே பெண் பிள்ளை, மூன்று வயது. எங்கள் பாடத்தை இந்தத் தாய் கற்றுக்கொண்ட மாதிரி ஒருத்தரும் கற்றுக்கொள்ளவில்லை. பினாயிலைப் பரணில் ஏற்றினாள். டிரம்முக்கு மூடி வாங்கிக் கல்லைத் தூக்கி வைத்தாள். "மேடம் வந்து பாருங்க, சரியா இருக்கான்னு சொல்லுங்க" என்று டீச்சரிடம் சொல்லி என்னைக் கூப்பிட்டுவிடுவாள்.

யாரிடம் சொல்லிவிட்டுப் போகிறாய் என்ற பாடத்தன்று நானும் அங்கே இருந்தேன். "மேல வீட்டு அக்காட்ட சொல்லிட்டுத்தான் போவேன் மேடம். அக்கா தங்கம்" என்றாள். "பொறவு என்ன கவலை?" என்றேன் நான். மேற்குப் பக்கம் ஒட்டினாற்போல இருந்த அந்த மேல வீட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டீச்சரும் நானும் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பி வந்தோம்.

சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் குற்றாலம் அங்கே குடியிருப்பவர்களுக்குச் சொந்தமில்லை. தெருவுக்குத் தெரு வேன், எண்ணெய் வாசனை, ஈரத் துண்டு, பஜ்ஜிப் புகை. ஊரில் கை கால் நன்றாக இருக்கிற எல்லோருக்கும் அந்தச் சில வாரங்கள் ஏதாவது ஒரு வேலை கிடைக்கும். அந்த வருஷம் மேல வீட்டு அக்காவும் சனி, ஞாயிறு மட்டும் ஒரு சிப்ஸ் கடைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். சனி, ஞாயிறுதான் லாட்ஜில் கூட்டம். அங்கன்வாடிக்கு லீவும் அன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாய் பிள்ளைக்கு இட்லி ஊட்டி, டிவியைப் போட்டு உட்கார வைத்துவிட்டு, வழக்கம்போல் "யக்கா, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிப் போனாள். அக்கா தலை சீவிக்கொண்டிருந்தாள். 'ம்' என்றாள். கொஞ்ச நேரத்தில் அவளும் கடைக்குக் கிளம்பினாள். போகிறபோது அடுத்த வீட்டுக்காரியிடம், "பிள்ள உள்ள டிவி பாத்துக்கிட்டு இருக்கு, ஒரு கண்ணு வச்சுக்கிடுங்க" என்றாள். அங்கிருந்தும் 'ம்' வந்தது. அந்த வீட்டுக்கு வெளியூரிலிருந்து விருந்தாள் வந்திருந்தார்கள். மத்தியானத்துக்கு முன் அவர்கள் எல்லோரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு அருவிக்குப் போய்விட்டார்கள். யாருமே பொய் சொல்லவில்லை. ஒவ்வொருத்தியும் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

கரண்ட் போய் டிவி நின்றிருக்க வேண்டும். பிள்ளை வெளியே வந்திருக்கிறாள். அம்மா வேலைக்குப் போவதை அந்த வீட்டில் 'அருவிக்குப் போறேன்' என்றுதான் சொல்லுவார்கள். பிள்ளையும் அருவிக்கு நடந்திருக்கிறாள். வாய்க்கால் ஓரமாகவே. அன்று வாய்க்காலில் கரை தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

கார் நிறுத்துகிற இடத்தில், ஒரு கால் செருப்போடு அழுதுகொண்டு நின்றவளை ஒரு பெண் போலீஸ் தூக்கியிருக்கிறார். பேர் கேட்டால் பாப்பா என்கிறாள். அம்மா எங்கே என்றால் அருவியில் என்கிறாள். குளிக்க வந்த கூட்டத்தில் யாரோ தவற விட்டுவிட்டார்கள் என்று நினைத்து மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அது தாயின் காதிலும் விழுந்திருக்கிறது. லாட்ஜ் மாடியில் நின்று விரிப்பை உதறிக்கொண்டே, யார் பெத்த பிள்ளையோ பாவம் என்று நினைத்தாளாம். பிற்பாடு இதைச் சொல்லும்போது தலையிலே அடித்துக்கொண்டாள். சாயங்காலம்வரை யாரும் வராததால் பிள்ளையைக் காப்பகத்தில் ஒப்படைத்துவிட்டார்கள்.

வேலை முடிந்து வந்து, தேடி அலைந்து, போலீஸுக்குப் போன பிறகுதான் தாய்க்கு விஷயம் தெரிந்தது; குழு சொன்னால்தான் பிள்ளையைத் தர முடியும் என்றுவிட்டார்கள். மறுநாள் அவள், பிள்ளைகள் விஷயத்தை விசாரிக்கிற அந்தக் குழுவின் முன் வந்து நின்றாள். எங்கள் திட்டத்தில் இருந்தவள் என்பதால் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். குழுவின் தலைவர் கண்ணியமான மனிதர். குரல் உயர்த்தாமல்தான் கேட்டார்.

"இந்தம்மாவுக்கு நீங்க பயிற்சி கொடுத்திருக்கீங்க, இல்லையா? பிள்ளையத் தனியா விடக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்தீங்களா?"

"சொல்லிக் கொடுத்தோம் சார்."

"எல்லாப் பாடமும் முடிச்சாங்களா?"

"எல்லாமே முடிச்சாங்க சார். ரொம்ப நல்லாக் கத்துக்கிட்டாங்க."

நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் அந்தக் கடைசி வார்த்தையைச் சேர்த்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ தெரியாம நடந்ததுன்னு எடுத்துக்க முடியாது. இவ்வளவு சொல்லிக் கொடுத்த பிறகும் விட்டுட்டுப் போயிருக்காங்க. வீட்டு நிலவரம் விசாரிச்சு அறிக்கை வரட்டும். அதுவரைக்கும் குழந்தை காப்பகத்திலேயே இருக்கட்டும்."

சார், நாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டோம், பக்கத்து வீட்டில் போய்க் கேட்க வேண்டிய படியை எடுத்ததே நான்தான் என்று சொல்ல வேண்டியதுதானே? வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. எங்கள் மாற்றங்களைப் பார்த்து மற்ற மாவட்டங்களுக்கும் எடுத்துப் போக, சென்னையிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தார்கள். என் ஒப்பந்தமும் அந்த மாதம்தான் முடிகிறது. அதை எல்லாம் யோசித்துப் பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. யோசிக்காமலே வாய் தானாக மூடிக்கொண்டது. அந்தத் தாய் என் பக்கம் திரும்பினாள். அவளைப் பற்றி நான் நல்லவிதமாகச் சொன்னேன் என்று அவளுக்கு நினைப்பு. என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

வீட்டு நிலவரத்தை விசாரிக்கிற பொறுப்பையும் என் தலையில்தான் கட்டினார்கள். தெருவுக்குள் போனால் மேல வீட்டு அக்கா என்னைக் கண்டதும் வெடித்துவிட்டாள்.

"வாங்க மேடம். இப்பத்தான் எங்க வீடு கண்ணுக்குத் தெரிஞ்சிச்சோ? எத்தன தடவ இந்த வாசலத் தாண்டி அவ வீட்டுக்கு வந்திய, போனிய. ஒரு நா இங்கன வந்து, சனி ஞாயிறு வீட்ல இருப்பியான்னு கேட்டியளா?"

"அவங்க உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே போனாங்க?"

"சொன்னா! போற போக்குல சொன்னா. நான் என்னங்கது? மொகத்துல அடிச்சாப்ல, முடியாதுட்டி, நான் கடைக்குப் போறேன்னு சொல்லவா? மறுநாளு அவ மூஞ்சில முழிக்க வேண்டாமா? நீங்க வந்து நின்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். மேடம் கேக்காவ, உள்ளதச் சொல்லணும்லான்னு சொல்லியிருப்பேன். அவளும் வேற ஏற்பாடு பண்ணியிருப்பா." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இந்தத் தெருவே என்னையப் பிள்ளைய விரட்டுனவ மாதிரி பாக்கு மேடம். ரெண்டு நாளா நான் சோறு திங்கல."

இவளைக் கேட்பது இவளைச் சந்தேகிக்கிற மாதிரி என்று நான் எழுதியிருந்தேன். இவளுக்கோ, முடியாது என்று சொல்ல ஒரு வழிதான் வேண்டியிருந்தது. அந்த வழியை நான் அடைத்துவிட்டேன். எவளோ ஒரு அத்தை பண்பொழியில் என்னைத் திட்டினாள் என்பதற்காக. அந்த அத்தையிடமும் எப்படிக் கேட்டேன்? போலீஸ் ஸ்டேஷனில் கேட்கிற மாதிரி பாடத்தைப் படித்துக் காட்டினேன். அவள் கோபப்படாமல் என்ன செய்வாள்? கேட்கிற விதத்தை மாற்ற வேண்டிய இடத்தில் கேள்வியையே தூக்கிப் போட்டிருக்கிறேன். நாலு எழுத்துப் படித்துவிட்ட திமிர், வேறென்ன.

அன்று சாயங்காலம் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவிடம், என் மகனைத் தினமும் ஒப்படைத்துவிட்டுப் போகிறேனே, உங்களுக்குச் சிரமமாக இருக்கிறதா, உள்ளதைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் தயங்கித் தயங்கி, "கேட்டதுனால சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதிய. செவ்வா வெள்ளி நான் கோயிலுக்குப் போயிட்டு மக வீட்டுக்குப் போயிருவேன். அவன் தனியாத்தான் இருப்பான்" என்றார். என் மகன் பெரிய பையன், ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனால் இத்தனை நாளும் நான் அதைக் கேட்டதே இல்லை.

அடுத்த முறை குழு கூடியபோது, தாயை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். படியை எடுத்தது, காரணம் எழுதியது, முதல் நாள் வாயை மூடிக்கொண்டு நின்றது, ஒன்றையும் விடவில்லை. தலைவர், "இதை முதல் நாளே சொல்லியிருந்தா குழந்தைய அன்னைக்கே அனுப்பி வச்சிருப்போமே" என்றார். அவ்வளவுதான். பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட உத்தரவு போட்டார்.

எனக்கு ஏதாவது ஆகும் என்று காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மேலதிகாரி, "அடுத்த தடவை அச்சடிக்கும்போது அதைச் சேத்துருங்க" என்று மட்டும் சொன்னார். சென்னையிலிருந்து வருவதாக இருந்தவர்கள் வந்தார்கள், பாராட்டினார்கள், போனார்கள். ஒப்பந்தமும் நீட்டிக்கப்பட்டது. யாராவது என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். சேர்க்க வேண்டியதைச் சேர்த்தேன். கேட்கிற விதத்தை மாற்றினேன். முடியாத நாளை முதலில் சொல்லுங்கக்கா, அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தோம் என்று ஆரம்பிக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் இப்போது உள்ளதைச் சொல்லுகிறார்கள் என்று டீச்சர்கள் சந்தோஷப்படுகிறார்கள். அந்தச் சந்தோஷத்தில் எனக்குப் பங்கில்லை.

பிள்ளை வீட்டுக்கு வந்த வாரத்திலேயே தாய் ஒரு பை நிறைய மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். இடுப்பில் பிள்ளை. "மேடம் உள்ள போயிப் பேசுனதுனாலதான் எம்பிள்ள கெடைச்சுதுன்னு வெளிய இருந்தவிய சொன்னாவ" என்று என் காலைத் தொட வந்தாள். நான் பின்னால் நகர்ந்தேன். அலுவலகமே கூடி நின்று பார்த்தது. நான் என்னவோ பெரிய மனுஷி மாதிரி, அதெல்லாம் வேண்டாம்மா, நல்லா இரு என்று சொல்லி அனுப்பினேன். பழத்தை எல்லோரும் உடைத்துத் தின்றார்கள். ருசியாக இருக்கிறது என்றார்கள். நான் தொடவில்லை.

அதற்கு மேல் தாங்கவில்லை. சீசன் முடிந்து கூட்டம் வடிந்த ஒரு மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். லாட்ஜ் வேலைக்கு அவள் திரும்பப் போகவே இல்லை, வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். பிள்ளையை விட்டு அவளால் நகர முடியவில்லை. குழாயடிக்குப் போனாலும் இடுப்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அலறுகிறாள். தெருவில் கேட்கலாம் என்றால், போலீஸ், விசாரணை என்று பார்த்த பிறகு யாரும் சம்மதிக்கவில்லை. மேல வீட்டு அக்கா முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, நான் கேட்டதால் சொன்னாள்.

பிறகு நான் சொன்னேன். பாடத்தில் என்ன இருந்தது, எதை எடுத்தேன், அது இருந்திருந்தால் அக்கா சனி ஞாயிறு இருக்க மாட்டாள் என்று முன்பே தெரிந்திருக்கும் என்பதை எல்லாம். அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அதுக்கு நீங்க என்ன செய்விய மேடம். நானும்தான் நின்னு ஒரு வார்த்த கேக்கல. அக்காவும் சொல்லல. ஒங்கள மட்டும் சொல்ல முடியுமா?"

எனக்கு மூச்சு வந்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், தப்பித்தோம் என்றுதான் அந்த நொடியில் தோன்றியது.

அவள் ஏதோ யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். "மொத நாளு அங்கன அந்த சார் கேக்கும்போது, இது ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சா சொல்லல?"

"சொல்லல."

"சொல்லியிருந்தா அன்னைக்கே எம்பிள்ளையத் தந்திருப்பாவளா?"

"தந்திருப்பாங்க."

"அங்கன இவ ராத்திரியெல்லாம் அம்மா அம்மான்னு கதவத் தட்டுனாளாம் மேடம். அங்க உள்ள ஆயா சொன்னாவ." அவள் குரல் உயரவில்லை. "நான் ஒங்களப் பாத்துக் கும்பிட்டேனே."

மன்னிச்சுக்கோம்மா என்று சொல்லி அவள் தோளைத் தொடக் கையை நீட்டினேன். கழுத்தில் அலுவலக அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததோ, கையைப் பார்த்ததோ தெரியவில்லை, பிள்ளை வீறிட்டு அலறித் தாயின் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். அவள் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு எழுந்து, என் பக்கம் பார்க்காமல், முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

"அழாதட்டி. ஒன்னையக் கூட்டிட்டுப் போவ இவிய வரல. இந்தா இப்பக் கெளம்பிருவாவ."

நான் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். செருப்பை மாட்டுகிறவரை உள்ளே அழுகை நிற்கவில்லை.